அரிதாவில் ஒரு பெட்டி வரைதாள்: சூளை வீடுகளின் மரபு யாருக்கு உரியது?

வடகரை எழுதியது:

ஜப்பானின் ஃபுகுவோகாவில் குடியிருக்கும் எங்களுக்கு, பீங்கானுக்குப் பெயர்பெற்ற அரிதா ஒன்றரை மணி நேர ரயில் பயணத்திற்குள் அடங்கும் ஊர். என் மனைவியின் தாய்வழிப் பாட்டனார் அங்கே பீங்கான் தட்டுகளில் நீலச் சித்திரம் தீட்டும் தொழில் செய்தவர். அவரோடு பட்டறை நின்றுவிட்டது. வீட்டை மட்டும் என் மாமியார் இத்தனை காலம் பூட்டி வைத்துப் பராமரித்து வந்தார். இப்போது அதை விற்பதென்று முடிவாகியிருப்பதால், உள்ளே இருப்பவற்றை ஒழுங்குபடுத்தக் குடும்பமாகச் சென்று வந்தோம்.

பரணில் ஒரு மரப்பெட்டி நிறைய வரைதாள்கள் இருந்தன. மெல்லிய கைத்தாளில் சுரைக்குடுக்கையைச் சுட்டெடுத்த கரியால் சித்திரத்தின் கோடுகளை வரைந்து, முதல் சூட்டில் வெந்த தட்டின்மேல் அந்தத் தாளைக் கவிழ்த்து, கமீலியா இலையைச் சுருட்டி முதுகில் தேய்த்தால் கோடு தட்டில் இறங்கிவிடும். அந்தத் தடத்தின்மேல்தான் கோபால்ட் நீலத்தில் தூரிகை ஓடும். சூளைக்குள் போனதும் கரி எரிந்து மறைந்து நீலம் மட்டும் நிற்கும். ஒருமுறை வரைந்த தாளைக் கொண்டு ஒரே அளவான தட்டுகள் பலவற்றுக்குப் படி எடுக்கலாம் என்பதால், அரிதாவை ஆண்ட நாபேஷிமா பிரபுக்களின் சூளைகள் காலம் தொட்டு இது அப்பகுதியின் வழக்கம். எங்கள் கைக்கு வந்த தாள்களில் ஒன்றில் அலைகளின்மேல் தாவும் ஒரு முயல் இருக்கிறது. அதன் காது இரண்டு தடவை வரையப்பட்டிருக்கிறது. நீண்ட காதை அடித்துவிட்டுக் குட்டையான ஒன்றைப் போட்டு, ஓரத்தில் "காது இதுவே" என்று தூரிகையால் குறித்து வைத்திருக்கிறார்.

என் கேள்வி இதுதான். இத்தாள்களை ஊரிலுள்ள கியூஷு பீங்கான் பண்பாட்டு அருங்காட்சியகத்திற்குக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் என் மனைவி. இன்றும் இயங்கும் ஏதேனும் ஒரு சூளைக்குக் கொடுத்தால் பயன்படுமே என்பது என் எண்ணம். பேத்தியிடம் இருக்கட்டும் என்கிறார் மாமியார். பேத்தி, அதாவது என் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்; அவள் பெயர் தாயின் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் அது பாட்டனார் வீட்டுப் பெயரன்று. அந்தப் பாட்டனாரும் அந்த வீட்டில் பிறந்தவரில்லை. ஷிமாபாரா பக்கத்து உழவர் குடும்பத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, பெண் வீட்டாரின் பெயரை ஏற்று, மாமனாரிடம் தூரிகை பிடிக்கக் கற்றவர். இப்படிப்பட்ட ஒரு வழியில் "குடும்ப மரபு" என்று எதைச் சொல்வது, அதை யார் கையில் ஒப்படைப்பது? இத்துறையை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

செம்மண் எழுதியது:

வடகரை அவர்களே, பாட்டனார் வெளியிலிருந்து வந்தவர் என்பதை ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானியக் கைவினை வீடுகளில் அது விதிவிலக்கே அன்று. கியோத்தோவின் ராக்கு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்கியூவுக்காகக் கிண்ணம் செய்த சோஜிரோவிலிருந்து தொடங்கி, 2019இல் பொறுப்பேற்ற 16ஆம் தலைமுறை வரை, ஒரே வீட்டில் ஒரே வேலை நடந்து வருகிறது. சோஜிரோவின் தந்தையே சீனத்திலிருந்து வந்தவர் என்பதுதான் அந்த வீட்டு வரலாறு. ஐந்தாம் தலைமுறையான சோன்யூ, ஒகாதா குடும்பத்து உறவில் பிறந்து தத்து வந்தவர். பெரும் ஓவியர் ஒகாதா கோரினுக்கு உறவினர். ஆறாமவர் மருமகனாக வந்தார். பதினொன்றாமவரான கெய்ன்யூ, கமேயோகா ஊரில் சாக்கே மது வடிக்கும் குடும்பத்தின் பிள்ளை. இருந்தும் அந்தத் தொடர்ச்சியை "உண்மையான வாரிசு அல்லர்" என்று சொல்லி யாரும் துண்டாடுவதில்லை. ஒட்டு மாங்கன்றின் பழத்தைத் தின்பவர் எவரும் அடிமரத்தின் சாதகம் கேட்பதில்லை.

கியோத்தோவில் ராக்கு வீட்டின் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கிண்ணங்களைப் பார்த்தபோது எனக்கு வியப்பளித்தது, அவை ஒன்றைப்போல ஒன்று இல்லாமையே. அங்கே சக்கரம் இல்லை. மண்ணைத் தட்டித் தூக்கிக் கையாலேயே வடிவம் கொடுத்து, பிறகு செதுக்குகிறார்கள். கறுப்புக் கிண்ணம் சிறிய சூளையில் துருத்தியால் ஊதி வேகவைக்கப்பட்டு, மெருகு உருகிய நொடியில் இடுக்கியால் பிடித்து வெளியே இழுக்கப்படுகிறது. பழைய கிண்ணங்களின் பக்கவாட்டில் இடுக்கியின் பல் பதிந்த தழும்பு அப்படியே தெரியும். அதை அழகென்றே ஏற்றுக்கொண்டார்கள். மெருகின் கலவையைத் தந்தை மகனுக்குச் சொல்லித் தருவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். ஒவ்வொருவரும் தம் கறுப்பைத் தாமே கண்டடைய வேண்டும். ஆனால் மண்ணை மட்டும் சேமித்துப் பின்வருவோருக்கு விட்டுச் செல்கிறார்கள். ஒரு தலைமுறை தோண்டி வைத்த மண்ணில், அவர்கள் முகம் காணாத கொள்ளுப்பேரன் கை வைப்பான்.

ஆகவே என் ஓட்டு, வேலை செய்கிற சூளைக்கே. தாள் என்பது அந்த மண் போன்றது.

நாணல் எழுதியது:

செம்மண் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கதவு திறந்திருந்தது உண்மைதான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் பிறந்த மகள் அங்கேயே இருக்க, அவளை மணக்க வருபவனுக்குத் தொழிலும் பெயரும் போயின. 1898ஆம் ஆண்டின் குடிமைச் சட்டம் குடும்பத் தலைவர் என்ற பதவியையே சட்டமாக்கி வைத்திருந்தது. போருக்குப் பிறகு 1947இல்தான் அது நீக்கப்பட்டது. சூளை வீடுகளின் பழக்கம் அவ்வளவு விரைவாக நீங்கவில்லை.

வடகரை அவர்களின் பெட்டிக்கே வருகிறேன். அரிதாவின் பழைய வேலைப் பிரிவினையில் கோடு வரைவது ஆண்களின் வேலை. கோட்டுக்குள் நீலத்தை நிரப்புவது பெரும்பாலும் பெண்களின் வேலை. இரண்டாவதை எளிதென்று எண்ண வேண்டாம். முதல் சூட்டுத் தட்டு மையொற்றுத் தாளைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சும். தடித்த தூரிகை நிறைய கோபால்ட் நீரை ஏந்தி, தட்டைச் சாய்த்து, ஒரு குட்டையளவு நீரைத் தூரிகை நுனியால் இழுத்துக்கொண்டே போக வேண்டும்; நுனி தட்டைத் தொடுவதும் தொடாததுமாக இருக்கும். மிஞ்சிய நீரை அதே தூரிகையைத் தளர்த்தி உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் நீலம் தடித்துவிடும். உங்கள் முயலைச் சுற்றியுள்ள கடலின் நீலத்தை யார் நிரப்பினார்? பாட்டியாராக இருக்கலாம். வரைதாளில் கோடு மட்டும்தானே இருக்கும், அவருடைய வேலைக்குத் தாளே கிடையாது. இந்தக் காரணத்தால்தான் பாட்டனாரின் பெட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வீட்டு முறைக்கு வெளியே நின்றவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஒதகாகி ரெங்கெத்சு (1791–1875) பிறந்த சில நாட்களிலேயே கியோத்தோவில் ஒரு சாமுராய் வீட்டுக்குத் தத்துப் போனவர்; கணவரையும் குழந்தைகளையும் இழந்து துறவியானவர். பிழைப்புக்காகக் கையால் தேநீர்க் குடுவைகள் பிடித்து, ஈர மண்ணில் தம் கவிதைகளைக் கீறி விற்றார். அவருக்கென்று சொந்தச் சூளை இல்லை. அவர் கையைப் போலி செய்து விற்கும் அளவுக்குப் பெயர் மட்டும் இருந்தது. நம் காலத்தில் குதானி பீங்கானில் தொகுதா யாசோகிச்சி என்ற பெயரை 2010இல் நான்காமவராக ஏற்றவர் மூன்றாமவரின் மகள். கதவு இப்போது திறக்கிறது என்பதற்கு அது சான்று. அதுவரை மூடியே இருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

வடகரை எழுதியது:

நாணல் அவர்களுக்கு நன்றி. உங்கள் பதிவை மாமியாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். நிரப்பும் வேலையைச் செய்தவர் அவருடைய தாயார்தான் என்றார். அடுப்படிக்குப் பக்கத்து வெளிச்சமில்லாத மூலையில் அவர் உட்காரும் பலகை இருந்ததாம். கோடு போடுபவருக்கு ஜன்னல் பக்கம். இதுவரை இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

தெற்குப்பாதை எழுதியது:

அரிதாவோடு நிறுத்திவிடாமல் ககோஷிமாவின் மியாமாவுக்கும் ஒருமுறை குடும்பத்தோடு சென்று வாருங்கள் என்பது என் பரிந்துரை. ஹிகாஷி இச்சிகி என்ற சிறிய நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். மூங்கில் தோப்புகளுக்கு நடுவே சூளைகள் உள்ள அமைதியான ஊர். பழைய பெயர் நாயெஷிரோகாவா. 1598இல், ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷியின் கொரியப் படையெடுப்பு முடிந்து திரும்பிய, அப்பகுதியை ஆண்ட சத்சுமா பிரபு ஷிமாசு யோஷிஹிரோ, அங்கிருந்து பிடித்து வந்த குயவர்களின் வழியினர் குடியேறிய இடம் அது.

சத்சுமா ஆட்சியாளர்கள் இவர்களைக் கலந்துபோக விடவில்லை. கொரியப் பெயர், உடை, மொழி ஆகியவற்றை விடாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். கரை ஒதுங்கும் கொரியக் கப்பல்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டதும் ஒரு காரணம். ஊருக்குள் கொரிய மூதாதையான தான்குன்னுக்கு எழுப்பிய தமாயாமா ஆலயம் இன்றும் இருக்கிறது. மெய்ஜி ஆட்சி வந்ததும், அதுவரை ஓரளவு தகுதியோடு இருந்தவர்கள் சாதாரணக் குடிகளாகப் பதிவானார்கள். அந்த நிலையில் ஒரே ஊரின் இரண்டு வீடுகள் எடுத்த முடிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

பாக் என்ற குலப்பெயர் கொண்ட ஒரு குடும்பத் தலைவர், 1886இல் தோகோ என்ற சாமுராய் குடும்பத்தின் பதிவை விலைகொடுத்து வாங்கித் தம் குடும்பத்தை அதில் சேர்த்தார். அப்போது சிறு குழந்தையாயிருந்த அவர் மகன்தான் பின்னாளில் 1941இலும் 1945இலும் ஜப்பானின் வெளியுறவு அமைச்சராக இருந்த தோகோ ஷிகெனோரி. போருக்குப் பின் தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் விதித்த தண்டனைக் காலத்திலேயே 1950இல் இறந்தார். அவருக்கு ஊரில் நினைவு இல்லம் இருக்கிறது.

இன்னொரு வீடு சின் ஜுகான் வீடு. கொரிய உச்சரிப்பில் அக்குலப்பெயர் சிம். பன்னிரண்டாம் தலைமுறைக் கலைஞர் 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பெரிய பூச்சாடிகளை அனுப்பிப் புகழ்பெற்றார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய பெயரையே தங்கள் கலைப்பெயராக ஏற்றுக்கொண்டார்கள். இப்போதிருப்பவர் பதினைந்தாமவர், 1999இல் ஏற்றார். இத்தாலியின் ஃபயென்சாவிலும், கொரியாவில் ஊறுகாய்ச் சாடிகள் வனையும் பட்டறையிலும் பயின்று வந்தவர். அவர்கள் காட்சிக்கூடத்தில் பன்னிரண்டாமவர் முறையில் தேன்கூட்டுத் துளைகளாகச் செதுக்கிய வெள்ளை மட்பாண்டத் தூபக்கலம் ஒன்றின் முன் நீண்ட நேரம் நின்றேன். ஈரம் உலர்வதற்குள் ஒவ்வொரு துளையையும் கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும். கடைசித் துளையில் சுவர் உடைந்தாலும் முழுக் கலமும் வீண்.

இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. வந்த முதல் தலைமுறை, தங்களோடு கொண்டுவந்த கொரிய மண்ணில் தங்கள் கையால் செய்த கிண்ணங்களில் ஜப்பானுக்கு உரியது எரிபொருள் மட்டுமே. ஆகவே அவற்றுக்கு "நெருப்பு மட்டும்" என்று பொருள்படும் பெயர். நானூறு ஆண்டுகள் கழித்து 1998இல், பதினான்காம் சின் ஜுகானின் காலத்தில், அவர்கள் முன்னோர் பிடிபட்ட நாம்வொன் நகரிலிருந்து நெருப்பைக் கப்பலில் கொண்டுவந்து மியாமாவின் சூளையில் ஏற்றினார்கள். இம்முறை மண்ணும் கையும் ஜப்பானுடையவை. நெருப்பு மட்டும் கொரியாவினுடையது. கணக்கைத் திருப்பித் தீர்த்தது போன்ற அச்செயலில் மனக்கசப்பும் இருக்கிறது, நயமும் இருக்கிறது. எது கூடுதல் என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

செம்மண் எழுதியது:

தெற்குப்பாதை எழுதியதை ஒட்டி ஒரு சிறு குறிப்பு. அரிதாவின் கதையும் அதே படையெடுப்பில்தான் தொடங்குகிறது. நாபேஷிமா நாவோஷிகே கொண்டுவந்த ரி சம்பேய் 1616 வாக்கில் இசுமியாமா குன்றில் பீங்கான் கல்லைக் கண்டதாக ஊர் நம்புகிறது. ஊரின் சுயெயாமா ஆலயத்தில் அந்தக் குயவரும் அவரைக் கொண்டுவந்த பிரபுவும் ஒரே கருவறையில் தெய்வங்களாக இருக்கிறார்கள். பீங்கானாலேயே செய்த அதன் வாயில் வளைவு 1888ஆம் ஆண்டினது. படிக்கட்டுக்கு குறுக்கே ரயில் பாதை போவதால், தெய்வத்தைக் காண்பதற்கு முன் இருபுறமும் பார்த்துத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். குன்று முக்கால்வாசி வெட்டியெடுக்கப்பட்டுப் பள்ளமாகக் கிடக்கிறது. இப்போது ஊரில் புழங்கும் கல் பெரும்பாலும் அமாகுசா தீவுகளிலிருந்து வருவது.

மேட்டுநிலம் எழுதியது:

இதுவரை படித்துவிட்டு ஓர் எதிர்ப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தலைமுறை எண், வீட்டுப் பெயர், பட்டம் ஏற்கும் விழா ஆகியவற்றின்மேல் நாம் அளவுக்கு மீறிப் பரவசப்படுகிறோம். நாபேஷிமா பிரபுக்கள் மேற்பூச்சு வண்ணம் தீட்டும் உரிமையை அரிதாவின் ஒரு தெருவுக்குள் அடைத்து, முதலில் பதினோரு வீடுகளுக்கும் பின்னர் பதினாறு வீடுகளுக்கும் மட்டும் கொடுத்தார்கள். வண்ணக் கலவை மூத்த வாரிசு ஒருவருக்கு மட்டுமே சொல்லப்பட வேண்டும். இன்று நாம் "ஒரு பிள்ளைக்கு மட்டும் உரைக்கும் மறை" என்று பக்தியோடு பேசுவது, அன்று வணிகக் கமுக்கத்தைக் காக்க அரசு போட்ட பூட்டு. அத்தகைய பூட்டினால் இழந்தவையும் உண்டு. அரிதாவின் காகியெமோன் குயவர் வீட்டின் பால்வெள்ளைப் பீங்கான், அதாவது அரிசி கழுநீரின் நிறம் கொண்ட அந்த வெண்மை, 18ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்தே போய்விட்டது. பன்னிரண்டாமவரும் பதின்மூன்றாமவருமாகத் தந்தையும் மகனும் உழைத்து 1953இல் அதை மீட்டபோது, அவர்களுக்குத் துணை நின்றது வீட்டிலிருந்த பழைய மண்கலவைக் குறிப்பேடுகள். வாய்மொழி மறை அறுந்த இடத்தில் தாள் கைகொடுத்தது.

பெயரே இல்லாத மரபு வேண்டுமென்றால் ஓயிதா மாகாணத்தின் ஒந்தாவுக்குப் போங்கள். 1705 முதல் சூளை எரியும் மலைக் கிராமம். ஓடை நீர் நிரம்பிக் கவிழும் மர உலக்கைகள் இரவும் பகலும் மண்ணை இடித்துக்கொண்டே இருக்கும். பத்து வீடுகளுக்கும் குறையாகவோ ஒட்டியோதான் குயவர்கள். வெளியாள் சேர்ப்பதில்லை, அவரவர் குடும்பத்தோடு வேலை. ஆனால் எந்தக் கலத்தின் அடியிலும் குயவரின் தனிப்பெயர் இராது, ஊர் முத்திரை மட்டுமே. 2017 ஜூலை வெள்ளத்தில் உலக்கைகள் பல அடித்துச் செல்லப்பட்டன, மீண்டும் அமைத்தார்கள். இங்கும் வாரிசுரிமை இறுக்கமானதே என்பதை மறுக்கவில்லை. தலைமுறை எண்ணைச் சொல்லி விலை ஏற்றும் பழக்கம் மட்டும் இங்கே இல்லை.

என் கருத்து: தாள்கள் அருங்காட்சியகத்திற்குப் போகட்டும். அங்கே யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பார்க்க முடியும். ஒரு சூளைக்குக் கொடுத்தால் அது மீண்டும் ஒரு வீட்டின் கமுக்கமாகிவிடும்.

நாணல் எழுதியது:

மேட்டுநிலம் அவர்களின் காகியெமோன் எடுத்துக்காட்டு அவருடைய முடிவுக்கு எதிராகவே நிற்கிறது. குறிப்பேடு அலமாரியில் இருந்ததால் மட்டும் அந்த வெள்ளை திரும்பவில்லை. படித்தவர்களிடம் சூளை இருந்தது, தோற்றுத் தோற்று எரிக்க விறகும் பொறுமையும் இருந்தன. அருங்காட்சியகத்தில் தாளைக் கண்ணால் பார்க்கலாம், தேய்த்துப் பார்க்க விடமாட்டார்கள். விடாததும் சரிதான்.

ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்று யார் சொன்னார்? வரைதாளே படியெடுப்பதற்காகப் பிறந்த பொருள். மேலே இன்னொரு மெல்லிய தாளைப் பரப்பிக் கோடுகளைப் பின்பற்றி வரைந்தால், சூளைக்கு ஒரு படி கிடைத்துவிடும். பட்டறைகளில் தாள் நைந்துபோகும்போது செய்துவந்ததும் அதுதானே.

வடகரை எழுதியது:

பதிவுகள் அனைத்தையும் மாமியாருக்கும் மனைவிக்கும் படித்துச் சொல்லி, நீண்ட பேச்சுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மூலத் தாள்களை அருங்காட்சியகத்திடம் காட்டி, ஏற்பார்களானால் ஒப்படைப்பது. ஏற்காவிட்டால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. நாணல் சொன்ன முறையில் படியெடுக்கும் வேலையை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாட்டியின் மேற்பார்வையில் முதல் சில தாள்களை எடுத்திருக்கிறாள். கோடு நடுங்குகிறது, ஆனாலும் பாட்டி குறை சொல்லவில்லை. படிகளைப் பெற்றுக்கொள்ள ஊரில் தனியாகப் பட்டறை நடத்தும் ஓர் இளம் பெண் ஓவியர் இசைந்திருக்கிறார். அவர் அரிதாவில் பிறந்தவர் அல்லர். பீங்கான் பயிற்சிக்கென்று வந்து அங்கேயே தங்கிவிட்டவர். என் மாமியார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அப்பாவும் அப்படித்தானே வந்தார்" என்றார்.

மாமியார் ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார். அந்தச் சித்திரங்களைத் தீட்டும் தட்டுகளின் அடியில் எங்கள் வீட்டுப் பெயரை எழுதக் கூடாது. ஓவியர் தம் பெயரையே எழுதிக்கொள்ள வேண்டும். அவருடைய தந்தையார் ஒருநாளும் அடியில் பெயர் எழுதியவரில்லை, பட்டறைக்கு வேலை கொடுத்த வணிகரின் குறிதான் இருக்குமாம். இறந்த பிறகு அவர் பெயரைப் புதிதாகச் சூட்டுவது அவருக்கு ஒவ்வாதென்று நினைக்கிறார். மேட்டுநிலம் அவர்களுக்கு இது பிடிக்கும் என்று நம்புகிறேன்.

அருங்காட்சியகம் பார்க்கும் வரை தாள்களை எப்படிப் பாதுகாப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மழைக்காலம் நெருங்குகிறது.

செம்மண் எழுதியது:

நெகிழி உறைகளில் மட்டும் போட வேண்டாம். உராய்வு மின்சாரத்தால் கரித்தூள் உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், உள்ளே ஈரமும் தங்கும். அமிலமற்ற மெல்லிய தாளை இடையிடையே விட்டுத் தட்டையாக அடுக்கி, அழுத்தம் கொடுக்காமல், காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வையுங்கள். மடிந்திருப்பவற்றை நீங்களாக விரிக்க முயல வேண்டாம். ஓரத்துக் குறிப்புகளை எல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் இப்போதே படம் பிடித்து வைத்துவிடுங்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தத் தாள் எந்தத் தட்டுக்கு, நீலத்தை நிரப்பியவர் யார் என்பதை எண்ணிட்டுக் கேட்டு எழுதுங்கள். அருங்காட்சியகத்தார் முதலில் கேட்கப்போவதும் அந்தப் பட்டியலைத்தான்.